எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொல்லும் டீம் லீட்: பல நாட்டார் சேர்ந்த குழுவில் எப்போது, எப்படி விட்டுக்கொடுப்பது?

கேள்வியின் சாரம் இது. கேட்டவர் ஓரகடம் பக்கம் கார்களுக்கான மென்பொருள் எழுதும் ஒரு குழுவுக்கு லீட். குழுவில் சென்னை ஆட்கள் இருக்கிறார்கள், ஸ்டுட்கார்ட்டில் சில ஜெர்மானியர்கள், நகோயாவில் சில ஜப்பானியர்கள், டெட்ராய்ட்டில் வாடிக்கையாளர் தரப்பு. “சண்டை வரும்போதெல்லாம் நான்தான் விட்டுக்கொடுக்கிறேன். மீட்டிங் நேரமா, ரிப்போர்ட் வடிவமா, டிசைன் முடிவா, எதுவானாலும் சரி என்றுவிடுவேன். முதலில் சுமுகமாகத்தான் போனது. இப்போது ஸ்டுட்கார்ட்காரர் என்னைக் கேட்காமலே முடிவெடுக்கிறார். என் டீம் பையன்கள், ‘நமக்காக நீங்க பேசவே மாட்டீங்களா’ என்கிறார்கள். விட்டுக்கொடுப்பது தப்பா?”

தப்பில்லை. பல நாட்டார் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் விட்டுக்கொடுக்கத் தெரியாதவரால் நாள் தள்ள முடியாது. ஆனால் நீங்கள் செய்திருப்பது விட்டுக்கொடுத்தலில் பாதிதான். நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள் என்பதே எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. உங்களுக்கு வேறு கருத்து இருந்தது, அதை ஒதுக்கி வைத்தீர்கள், அவருக்காக வைத்தீர்கள் என்ற மூன்றுமே அவர் காதுக்குப் போகவில்லை. அவர் கேட்டது ‘சரி’ ஒன்றுதான்.

விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று கேட்டுத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். வீட்டில் அது பெரும்பாலும் உண்மைதான். ஏனென்றால் அங்கே சாட்சிகள் இருக்கிறார்கள். அண்ணன் தன் மேல்படிப்பை விட்டுவிட்டுத் தம்பியைப் படிக்க வைத்தால், அவன் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அம்மாவுக்குத் தெரியும், சித்திக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அந்தக் கணக்கை யாராவது ஒருவர் மனதில் வைத்திருப்பார்கள். ஸ்டுட்கார்ட்டில் உங்கள் கணக்கை வைத்திருக்க யாரும் இல்லை. நீங்கள் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு அழைப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது அங்கே மதியம் மூன்று மணி வெயிலில் காபி குடித்துக்கொண்டிருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இந்த விஷயத்தைப் படிப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தொட்டுச் செல்லும் ஒரு வரைபடம் உண்டு. அமெரிக்காவில் கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இருவர் 1974-இல் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். மோதல் வரும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை அது இரண்டே அளவுகோலில் பார்க்கும். தன் காரியத்தில் எவ்வளவு உறுதியாக நிற்கிறார், அடுத்தவர் காரியத்தில் எவ்வளவு அக்கறை காட்டுகிறார். இதிலிருந்து ஐந்து போக்குகள் வருகின்றன: மோதி ஜெயிப்பது, ஒதுங்கிக்கொள்வது, ஆளுக்குப் பாதி என்று முடிப்பது, இருவர் தேவையும் நிறைவேறும் வழியை உட்கார்ந்து தேடுவது, கடைசியாக அடுத்தவர் போக்குக்கு அனுசரித்துப் போவது. ஐந்தில் எதுவும் எப்போதுமே சரி என்றோ எப்போதுமே தவறு என்றோ அவர்கள் சொல்லவில்லை. இடத்தைப் பார்த்து எடு என்பதுதான் அவர்கள் பேச்சு.

உங்களுக்கு இதில் முக்கியமானது ஒதுங்குவதும் அனுசரிப்பதும்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டிலும் ஆள் தன் கருத்துக்காக நிற்பதில்லை. அனுசரித்துப் போகிறவர் அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து, அது தன் விருப்பத்தைவிட அவருக்கு முக்கியம் என்று கணித்து வழிவிடுகிறார். ஒதுங்குகிறவருக்கு அந்தக் கணிப்பே கிடையாது, பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும். நீங்கள் எழுதியதைப் படித்தால் மீட்டிங் நேரத்தில் நீங்கள் அனுசரித்திருக்கிறீர்கள், டிசைன் முடிவுகளில் ஒதுங்கியிருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டதால்தான் உங்களுக்கே குழப்பம்.

அனுசரித்துப் போவது சரியான முடிவாகும் இடங்கள் நிறைய உண்டு. நாம் நினைத்ததுதான் தவறு என்று பேச்சின் நடுவே தெரிந்துவிட்டால் உடனே வழிவிடுவது நல்லது. விஷயம் நமக்குச் சின்னது, அவருக்குப் பெரியது என்றால் தயங்கவே வேண்டாம். ரிப்போர்ட்டில் எந்த நிறம், ஃபைலுக்கு என்ன பெயர், மீட்டிங் குறிப்பு யார் எழுதுவது என்பதற்கெல்லாம் மல்லுக்கட்டுகிறவரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நாளைக்குப் பெரிய விஷயத்தில் அவர் சொல் ஏறவேண்டும் என்றால் இன்றைக்கு இதை விட்டிருக்கலாமே என்று தோன்றும். புதிதாக வந்த இளம் எஞ்சினியர் தன் யோசனையைச் செய்துபார்க்க ஆசைப்பட்டால், அதில் ஓட்டை இருப்பது தெரிந்தும் சின்ன அளவில் செய்ய விடுவதும் இதே வகைதான்.

சரி, இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த வரைபடம் அமெரிக்க மண்ணில் வரைந்தது. அங்கே அனுசரித்துப் போவது கொஞ்சம் பலவீனமான போக்காகத்தான் தெரியும். ஸ்டெல்லா டிங்-டூமி என்ற ஆய்வாளர் 1980-களிலிருந்து இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார். தன் மதிப்பைப்போலவே எதிரில் இருப்பவரின் மதிப்பையும் கூட்டத்தின் மதிப்பையும் காப்பாற்றுவதைப் பெரிதாக நினைக்கும் சமூகங்களில், வழிவிடுவது முதிர்ச்சியின் அடையாளம். நாலு பேர் முன்னால் ஒருவரை மறுத்துப் பேசாமல் இருப்பது அங்கே கோழைத்தனம் ஆகாது. நாமும் பெரும்பாலும் அப்படித்தான். மேலதிகாரி சொல்வது தவறு என்று தெரிந்தாலும் மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு, அப்புறம் தனியாகப் போய், “சார், ஒரு சின்ன விஷயம்” என்று ஆரம்பிப்போம்.

ஆக, உங்கள் ஒரே ‘சரி’ மூன்று ஊர்களில் மூன்று விதமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். நகோயாவில் உள்ளவர் உங்கள் தயக்கத்தைக் கவனித்திருக்க வாய்ப்பு அதிகம். இவர் நமக்காக இறங்கி வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டிருப்பார், எங்காவது திருப்பிச் செய்யவும் நினைப்பார். ஸ்டுட்கார்ட்டில் உள்ளவருக்கு நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள், விஷயம் முடிந்தது. மறுப்பு இருந்தால் சொல்லியிருப்பார் என்பதே அவர் எதிர்பார்ப்பு, ஏனென்றால் அவர் அப்படித்தான் சொல்வார். டெட்ராய்ட்டில், இவருக்கு இதில் தனியாகக் கருத்து ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்திருக்கலாம். கருத்து இல்லாதவரிடம் அடுத்தமுறை ஏன் கேட்க வேண்டும்? உங்களைக் கேட்காமல் முடிவெடுக்கும் ஜெர்மானியர் உங்களை மட்டம் தட்ட நினைக்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேட்டுக் கேட்டு ஒவ்வொரு தடவையும் ‘சரி’ மட்டுமே வந்த இடத்தில் கேட்பதை நிறுத்தியிருக்கிறார். (எல்லா ஜெர்மானியரும் இப்படி, எல்லா ஜப்பானியரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. வாயே திறக்காத ஜெர்மானியரும் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் ஜப்பானியரும் இருக்கிறார்கள். நாட்டை வைத்து முதல் ஊகத்தைச் செய்யலாம், ஆளைப் பார்த்ததும் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.)

விட்டுக்கொடுத்தலை முழுமையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் அப்பல்லோ–சோயுஸ். 1972 மே மாதம் மாஸ்கோவில் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் பிரதமர் கொசிகினும் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1975 ஜூலை 17 அன்று அப்பல்லோ என்ற அமெரிக்க விண்கலமும் சோயுஸ் என்ற சோவியத் விண்கலமும் பூமிக்கு மேலே ஒன்றோடொன்று இணைந்தன. பனிப்போர்க் காலம். இரண்டு பக்கமும் ஒருவர் தொழில்நுட்பத்தை ஒருவர் நம்பாதவர்கள். அந்த நிலையில் ஒரு குழுவாக வேலை செய்தாக வேண்டும்.

முதல் தகராறு, யார் கலம் யார் கலத்துக்குள் நுழைவது என்பது. அதுவரை இருந்த இணைப்புக் கருவிகளில் ஒரு கலத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இருக்கும், மற்றதில் அதை வாங்கிக்கொள்ளும் குழி இருக்கும். ஒருவர் செய்கிறவர், மற்றவர் வாங்கிக்கொள்கிறவர். இரண்டாவது இடத்தில் இருக்க இரு நாட்டுக்கும் சம்மதம் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவரை விட்டுக்கொடுக்கச் சொல்லியிருந்தால் அந்தக் கசப்பு திட்டம் முழுக்க ஓடியிருக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் கருவியைச் செய்தார்கள். சோவியத் பக்கத்தில் அதன் முக்கிய வடிவமைப்பாளர் விளாதிமிர் சிரோம்யாத்னிகோவ். எந்தக் கலம் வேண்டுமானாலும் செய்கிற இடத்தில் இருக்கலாம். முதல் இணைப்பில் அப்பல்லோ அந்தப் பங்கை ஏற்றது. இரண்டு நாள் கழித்துப் பிரிந்து மறுபடி இணைந்தபோது சோயுஸ் ஏற்றது. கௌரவம் சம்பந்தப்பட்ட இடத்தில் யாரையும் விட்டுக்கொடுக்கச் சொல்லாமல் கருவியையே மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

விட்டுக்கொடுத்தது வேறு இடங்களில். அப்பல்லோவுக்குள் இருந்தது சுத்த ஆக்ஸிஜன், அழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். சோயுஸுக்குள் சாதாரணக் காற்று, தரையில் இருக்கும் அதே அழுத்தம். சோயுஸிலிருந்து அப்பல்லோவுக்கு நேரே போனால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டிவிடும், போகுமுன் மணிக்கணக்கில் உடலைத் தயார் செய்ய வேண்டும். அமெரிக்கர்கள் நடுவில் வைக்க ஒரு தனி அறையையே கட்டிக் கொண்டுபோனார்கள். சோவியத் தரப்பு தங்கள் கலத்தின் அழுத்தத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டது. அதனால் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆக்ஸிஜன் நிறைந்த அறைக்குள் வருவதால் சோவியத் வீரர்களின் உடைக்கும் எளிதில் தீப்பிடிக்காத துணி தேவைப்பட்டது, அதையும் செய்தார்கள். ஒவ்வொரு பக்கமும் என்ன மாற்றியது, எதற்காக மாற்றியது என்பது வரைபடத்தில், எண்களில், எழுத்தில் இருந்தது. யாரும் யாரையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

மொழியில் அவர்கள் செய்தது இன்னும் அழகு. ஆளாளுக்குத் தன் மொழியில் பேசுவது, மற்றவர் புரிந்துகொள்வது என்பதுதான் பார்வைக்கு எளிய வழி. அவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியில் பேசினார்கள், சோவியத் வீரர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். அந்நிய மொழியில் பேசுகிறவர் மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவார். கேட்கிறவருக்கு அது தாய்மொழி, எளிதில் பிடித்துக்கொள்வார். பேசுகிறவர் சிரமப்பட்டு, கேட்கிறவரின் சிரமத்தைக் குறைக்கிறார். அமெரிக்கத் தளபதி டாம் ஸ்டாஃபோர்ட் ஓக்லஹோமா மாநிலத்துக்காரர். அவர் பேசும் ரஷ்ய மொழியைக் கேட்டு சோவியத் தளபதி அலெக்ஸி லியோனோவ், இந்தத் திட்டத்தில் மூன்று மொழிகள் புழங்குகின்றன, ரஷ்யன், ஆங்கிலம், ஓக்லஹோம்ஸ்கி என்று கேலி செய்வாராம். 2019-இல் லியோனோவ் இறந்தபோது ஸ்டாஃபோர்ட் மாஸ்கோ போய் அவருடைய இறுதிச்சடங்கில் ரஷ்ய மொழியிலேயே பேசினார்.

இதை உங்கள் குழுவுக்குக் கொண்டுவந்தால் என்ன தெரிகிறது? நீங்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுகிறீர்கள். டெட்ராய்ட்காரருக்கு மட்டும் அது தாய்மொழி. மற்ற மூன்று ஊரும் தினமும் மொழியில் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது, அதற்குப் பெயர்கூட இல்லை. டெட்ராய்ட்டிடம் பதிலுக்கு ஒன்று கேட்பதில் தவறே இல்லை. மெதுவாகப் பேசுங்கள், பேஸ்பால் உவமைகளைக் குறையுங்கள், பேசிய முடிவை அன்றே நாலு வரியில் எழுதி அனுப்புங்கள் என்று கேட்கலாம். நகோயாக்காரர்களுக்கு எழுத்தில் வந்தால் யோசித்துப் பதில் சொல்ல வசதியாக இருக்கும். இதை நீங்கள் கேட்டால் அவர்களுக்காகவும் பேசியதாகும்.

மீட்டிங் நேரத்துக்கு வருவோம். கோடையில் நம்மூர் மாலை 6.30 என்பது டெட்ராய்ட்டில் காலை 9, ஸ்டுட்கார்ட்டில் மதியம் 3, நகோயாவில் இரவு 10. அமெரிக்காவும் ஜெர்மனியும் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகின்றன, அதுவும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. நாமும் ஜப்பானும் மாற்றுவதே இல்லை. குளிர்காலத்தில் டெட்ராய்ட் தன் காலை 9 மணியையே வைத்துக்கொண்டால், நமக்கு அது 7.30 ஆகிவிடும், நகோயாவுக்கு இரவு 11. கடிகாரத்தை மாற்றியது அவர்கள், வீட்டுக்குப் போகும் நேரம் மாறியது உங்களுக்கு. யாரும் முடிவெடுத்து உங்கள் மேல் சுமத்தவில்லை என்பதால் யாரும் அதை ஒரு விட்டுக்கொடுத்தலாகப் பார்க்கவும் இல்லை.

இதற்குப் பொதுவான நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. நம் பகல் 12.30 ஸ்டுட்கார்ட்டுக்கு 9, நகோயாவுக்கு 4, மூவருக்கும் அருமையான நேரம், ஆனால் டெட்ராய்ட்டில் அதிகாலை 3. நம் காலை 6.30 டெட்ராய்ட்டுக்கு இரவு 9, நகோயாவுக்குக் காலை 10, ஸ்டுட்கார்ட் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். எப்படிப் போட்டாலும் ஒருவர் தூக்கம் போகும். அதனால் சுற்றில் விடுவதுதான் நியாயம். இந்த மாதம் சிரமம் யாருக்கு என்பதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். நாலு ஊரும் ஒன்றாக உட்காரத் தேவையில்லாத பேச்சை மூன்று ஊராகப் பிரித்து 12.30-க்கு மாற்றிவிடலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இதே தகராறை எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? அமெரிக்கக் கட்டுப்பாட்டு மையம் உள்ள ஹூஸ்டன் நேரமும் இல்லை, ரஷ்ய மையம் உள்ள மாஸ்கோ நேரமும் இல்லை, கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரம். வீரர்கள் காலை 6 மணிக்கு எழுந்திருக்கும்போது மாஸ்கோவில் 9, ஜப்பானிய மையம் உள்ள சுகுபாவில் மதியம் 3, ஹூஸ்டனில் கோடைக்காலத்தில் நள்ளிரவு 1. திட்டத்துக்கு மிக அதிகப் பணம் போடும் நாட்டின் கட்டுப்பாட்டு மையம்தான் ராத்திரி கண்விழிக்கிறது.

இவ்வளவு சொன்னபிறகு எங்கே விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இதில் நான் கறாராக இருப்பேன்.

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா விமானம் 52, ஒரு போயிங் 707, மோசமான வானிலையில் மூன்று இடங்களில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடிக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. முன்னுரிமை வேண்டும் என்று துணை விமானி சொன்னார், அவசரநிலை என்று சொல்லவில்லை. முதல் இறக்கம் தவறியது. அதன்பிறகும், மேலே ஏறச் சொன்ன உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கூடவே எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது சார் என்றார். உங்களைப் பதினைந்து மைல் தள்ளிக் கொண்டுபோய்த் திருப்பப் போகிறேன், உங்களுக்கும் எரிபொருளுக்கும் அது சரிப்படுமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். சரியென்றுதான் நினைக்கிறேன், மிக்க நன்றி என்று பதில் போனது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின்கள் நின்று லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விசாரணையில் பல காரணங்கள் வந்தன: விமானிகள் எரிபொருளைச் சரியாகக் கணக்கிடாதது, அவசரநிலையைத் தெரிவிக்காதது, போக்குவரத்து நிர்வாகக் குறைகள். அதோடு, எரிபொருள் குறைவைச் சொல்ல எல்லோருக்கும் ஒரே பொருள் தரும் வார்த்தைகள் அன்று இல்லாததும் ஒரு காரணம் என்று எழுதினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க அதற்கென்று நிர்ணயித்த வார்த்தைகள் உண்டு. விமானி ‘மேடே’ என்ற அவசரநிலை அழைப்பைச் சொல்லிவிட்டால் எந்த நாட்டுக் கட்டுப்பாட்டாளரும், சரிப்படுமா என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

உங்கள் வேலை பிரேக், ஸ்டியரிங் பக்கம் தொடும் மென்பொருளாக இருந்தால் இதை நேரடியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு, சோதனை முடிவுகள், சட்ட விதிகள், பொய்யான தேதி, இந்த நாலில் அனுசரிப்பு என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. ‘இந்த வாரம் முடித்துவிடலாமா’ என்று வாடிக்கையாளர் கேட்கும்போது முடியாது என்று தெரிந்தும் முயற்சி செய்கிறோம் என்பது நம்மூர்ப் பழக்கம். மரியாதைக்காகச் சொல்கிறோம். ஆனால் அந்த வார்த்தையை நம்பி டெட்ராய்ட்டில் ஒருவர் தன் மேலதிகாரிக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார். உங்கள் குழுவுக்கென்று ஒரு வார்த்தையை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். ‘நிறுத்தம்’ என்றோ ‘சிவப்பு’ என்றோ, எதுவானாலும் போகட்டும். அதைச் சொன்னால் பணிவாகச் சொன்னாலும் கடுமையாகச் சொன்னாலும் வேலை நிற்க வேண்டும், சொன்னவரை யாரும் கோபிக்கக் கூடாது. நேரடியாக மறுத்துப் பேசக் கூச்சப்படும் ஆட்களுக்கு இது பெரிய உதவி. மறுப்பின் பாரத்தை அந்த வார்த்தை தாங்கிக்கொள்ளும்.

இன்னொரு எல்லை, ஒருவரின் உடலும் கண்ணியமும். மாஸ்கோவின் உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் 1999-இல் பல நாட்டு ஆட்களை மூடிய அறைகளுக்குள் மாதக்கணக்கில் வைத்து விண்பயணம்போல ஒரு பரிசோதனை நடந்தது. அந்த ஆண்டின் கடைசி இரவுக் கொண்டாட்டத்தில் இரண்டு ரஷ்யர்களுக்குள் அடிதடி நடந்தது. தன் எதிர்ப்பை மீறி ரஷ்யத் தளபதி தன்னை முத்தமிட்டார் என்று கனடாவிலிருந்து போயிருந்த பெண் ஆய்வாளர் புகார் சொன்னார், பிறகு பொதுவெளியிலும் பேசினார். ஜப்பானியப் பங்கேற்பாளர் பாதியிலேயே வெளியேறினார். நடத்தியவர்கள் தரப்பில் பண்பாட்டு வேறுபாடு என்ற விளக்கம் வந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பெண்ணை அனுசரித்துப் போகச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? பண்பாடு என்ற சொல்லைக் காட்டி ஒருவரை வாயடைக்க முயல்வது எந்த நாட்டாரானாலும் ஒன்றுதான். உங்கள் குழுவில் ஒரு பெண் எஞ்சினியர் சங்கடமான ஒன்றைச் சொன்னால், ‘அவங்க ஊர்ல அப்படித்தான்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இங்கே யார் அனுசரிக்கிறார்கள் என்ற கேள்வியும் வருகிறது. நம் வீடுகளில் அனுசரித்துப் போ என்பதை யாரிடம் சொல்கிறோம்? வீட்டுக்கு வந்த மருமகளிடம் சொல்வதில் பத்தில் ஒரு பங்கையாவது மகனிடம் சொல்கிறோமா? கம்பெனிகளிலும் பணம் கொடுக்கும் பக்கம் நிற்கும், வேலை செய்யும் பக்கம் வளையும். எப்போதும் கீழே இருப்பவரே விட்டுக்கொடுத்தால் அதைக் குழுவின் பண்பு என்று சொல்ல முடியாது. மேலே இருப்பவர் விட்டுக்கொடுக்கும்போதுதான் அதற்கு எடை கூடுகிறது. அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2016-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் ஒன்றைச் சொல்லியிருந்தார். அவருடைய குழு தயாரிக்க விரும்பிய ஒரு நிகழ்ச்சியில் அவருக்கு நம்பிக்கை இல்லை, அதை அவர்களிடம் சொன்னார். ஆனாலும் அவர்கள் உறுதியாக இருந்ததால் தானும் முழுமனதோடு கூட நிற்பதாக உடனே எழுதிவிட்டார். மறுப்பைச் சொல்கிறார், பிறகு வழிவிடுகிறார், இரண்டும் எழுத்தில் இருக்கிறது. உங்களுக்குக் கீழே இருக்கும் பையன்களிடம் நீங்கள் இப்படி எத்தனை தடவை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏனென்றால் அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. லீட் ஒருவர் விட்டுக்கொடுக்கும்போது பாதி நேரம் அவர் கொடுப்பது தன்னுடையதை அல்ல. ஸ்டுட்கார்ட் கேட்டபடி இடைமுகத்தை மாற்றுகிறோம் என்று நீங்கள் ‘சரி’ சொன்னால், சனிக்கிழமை வந்து அதை மாற்றப்போவது அந்தப் பையன்கள். நீங்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டீர்கள், செலவு அவர்களுக்கு. உங்கள் நேரத்தையும் உங்கள் விருப்பத்தையும் நீங்கள் தாராளமாக விட்டுக்கொடுங்கள். அவர்களுடையது என்றால், ‘என் டீமைக் கேட்டுவிட்டு நாளைக்குள் சொல்கிறேன்’ என்று நிறுத்துங்கள். எந்த நாட்டுக்காரரும் இதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஜப்பானியர்களுக்கு இது மிகவும் பழகிய நடைமுறை, அங்கே பெரும்பாலான முடிவுகள் மீட்டிங்குக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் உருவாகின்றன.

இனி நடைமுறைக்கு. ஸ்டுட்கார்ட்காரரிடம் தனியாக அரை மணி நேரம் கேளுங்கள். கூட்டத்தில் பேச வேண்டாம், பழைய கணக்கையெல்லாம் கொட்டவும் வேண்டாம். நேராகவே சொல்லுங்கள்: “கடந்த சில மாதங்களில் பல விஷயங்களில் எனக்கு வேறு கருத்து இருந்தும் நான் சொல்லவில்லை. இனிமேல் சொல்லப்போகிறேன். முடிவெடுக்கும் முன்பு என்னையும் கேட்க வேண்டும்.” நம் காதுக்கு இது கொஞ்சம் கரடுமுரடாகத் தோன்றும். அவருக்குத் தோன்றாது. பெரும்பாலும், அப்படியா, முன்பே சொல்லியிருக்கலாமே என்பார். அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைப்பார்.

அடுத்த டிசைன் பேச்சில் விட்டுக்கொடுக்க நேர்ந்தால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “இதில் என் கருத்து வேறு. நம் கன்ட்ரோலரில் நினைவகம் போதாமல் போகும் என்று நினைக்கிறேன். ஆனால் இதைப் பராமரிக்கப்போவது உங்கள் பக்கம் என்பதால் உங்கள் வழியிலேயே போவோம். முதல் சோதனை முடிவு வந்ததும் இதை மறுபடி எடுத்துப் பார்ப்போம்.” உங்கள் கருத்து என்ன, ஏன் விட்டீர்கள், எப்போது திரும்பப் பார்ப்பீர்கள் என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. இதையே மீட்டிங் குறிப்பிலும் ஏற்றுங்கள். முடிவு தப்பானால் ‘நான் அன்றைக்கே சொன்னேன்’ என்று காட்ட அல்ல, அந்த நினைவக விஷயத்தைச் சோதிக்க மறக்காமல் இருக்க. விட்டுக்கொடுத்துவிட்டு அரைமனதாக வேலை செய்தால் சொன்னதெல்லாம் வீண், அதை உங்கள் பையன்களிடமும் சொல்லிவையுங்கள்.

நகோயாவுக்கு வேறு வழி. இரண்டு நாள் முன்பே உங்கள் யோசனையை எழுதி அனுப்பி, தனியாக ஒரு சின்ன அழைப்பில் அவர்கள் மனதைக் கேளுங்கள். அங்கே அவர்கள் மௌனமாக இருந்தால் சம்மதம் என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் மௌனத்தை ஸ்டுட்கார்ட் எப்படி எடுத்துக்கொண்டதோ, அதே தவற்றை நீங்கள் அவர்களிடம் செய்யக்கூடிய இடம் அதுதான். இரவு 10 மணிக்கு அவர்கள் உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நேரச் சுற்றை டெட்ராய்ட்டிடம் முன்வைக்கும்போது அவர்களையும் சேர்த்துக்கொண்டு இரண்டு ஊர் சார்பாக வையுங்கள், தனியாகக் கேட்பதைவிட எளிதில் நடக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு ஜெர்மனியில் கடிகாரம் மாறும், அதற்கடுத்த வாரம் அமெரிக்காவில். குளிர்கால நேரத்தை எல்லோரும் எப்படியும் பேசியாக வேண்டிய அந்தச் சமயத்துக்கு முன்பாகவே கேட்டுவிடுங்கள்.